முதலில் ஓடியது யார்?

ரோஷானிக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். தெரணியகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, த்ரீவீலரில் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேரும்வரை அது சிவந்தேதான் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்வது தாமாகவே ஓடும் துகள்களை. கம்ப்யூட்டர் திரையில் புள்ளிகள் ஓடும். ஒவ்வொன்றும் சொந்தச் சக்தியில்தான் ஓடும். ஆனால் அக்கம்பக்கத்துப் புள்ளிகள் திரும்பும் பக்கமே தானும் திரும்பும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் ஒரே திசையில் போகும். தலைவன் என்று ஒருவனும் கிடையாது. பக்கத்தோடு ஒத்துப்போகாமல் ஒரு புள்ளி விலகினால், அந்த விலகலுக்கு அவள் சமன்பாட்டில் பெயர் 'பிழை'.

இங்கேயோ தோட்டத்து மேலாளரான துரை தலைவியைத் தேடிக்கொண்டிருந்தார். மேல்மலையில் குளவிக்கூடு இருப்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலமுறை சொல்லியும் ஒருவரும் காதில் வாங்கவில்லை. கூடு கலைந்து குளவிகள் கொட்டியபோது, கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் கீழே ஓடி வந்தார்கள். அது திட்டமிட்ட வேலைநிறுத்தமாம்! கிளப்பிவிட்டது ரோஷானியின் அம்மா கிறேஸாம். கூட்டைப் பற்றி அதிகம் வாயாடியவள் அவள்தானே. வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களாம்.

"ஒருத்தி ஓடினா மத்தவங்க ஆடு மாதிரி பின்னால ஓடுவாங்க," என்றார் துரை. "பிழை அந்த ஒருத்தி மேலதான்."

"ஒருத்தியும் தேவையில்ல சேர். அவங்கவங்க பக்கத்து நிரையில இருக்கிறவங்களப் பார்த்துத்தான் திரும்புவாங்க," என்றாள் ரோஷானி.

"ஹரி, சரி," என்றார் துரை. "அப்ப பிழை எல்லார் மேலயும்தான். எல்லாரையும் நிப்பாட்டிருவோமா?"

படித்த படிப்பு லயத்து வீடுகளில் இருக்கும் எல்லோரையுமே மாட்டிவிட்டதே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குளவி கொட்டி முகம் வீங்கி, கிறேஸோடு வாசலில் நின்ற சுப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தொரை, நான் விழுந்து கெடந்தேன். எல்லாரும் கீழ ஓட, கிறேஸ் மட்டும் திரும்பி மேல வந்தா. என்னைய இழுத்துக்கிட்டு கடைசியா எறங்குனது அவதாங்க."

"ஏம்மா இதச் சொல்லல?" என்று ரோஷானி அம்மாவிடம் சீறினாள்.

"மொதல்ல ஓடுனது யாருன்னுதானே புள்ள கேட்டாங்க?" என்றாள் கிறேஸ்.

ரோஷானி துரையின் பக்கம் திரும்பினாள். "பிழையத் தேடுனீங்களே சேர், இதுதான் பிழை. எல்லாரும் ஒரு பக்கம் ஓட, எங்கம்மா எதிர்ப்பக்கம் திரும்புனாங்க. எழுதிக்கோங்க."

துரை எழுதவில்லை. "நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு," என்று எழுந்துவிட்டார். மன்னிப்பும் இல்லை, கூட்டைப் பற்றிய பேச்சும் இல்லை.

மறுநாள் காலை ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் கங்காணி அதே மேல்மலையைக் காட்டினார். கிறேஸ் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"குளவிக்கூட்ட எடுங்க. அப்புறம் போறோம்."

சுப்பம்மா அவளைப் பார்த்து உட்கார்ந்தாள். சுப்பம்மாவைப் பார்த்து அடுத்தவள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே களம் முழுவதும் உட்கார்ந்துவிட்டது.

ஜீப்பில் வந்த துரை இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவி யார் என்று இன்றைக்குக் கேட்டிருந்தால் அவருக்குச் சரியான பதில் கிடைத்திருக்கும்.