அக்கா போட்ட சிவப்புக் கோடுகள்

கிள்ளான் வீட்டில் என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் தாள் கிடக்கிறது. கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரியும் தாள். அதில் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகள். நான் கணினியில் போட்டு அச்செடுத்தவை. ஒவ்வொரு கோட்டுக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அது அக்கா பேனாவால் போட்டது. கூடப் பிறந்தவள் அல்ல. பிரிக்பீல்ட்ஸில் நாலு வருஷம் ஒரே அறையில் என்னோடு தங்கி, ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஒரு வயது மூத்தவள் என்பதால் அக்கா.

பக்கத்து விண்மீன் திரள்களில் காந்தப்புலம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரைபடம் போடுவதுதான் எங்கள் வேலை. காந்தப்புலம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கே மிதக்கும் தூசித் துகள்கள் அதற்குக் குறுக்காகத் திரும்பி நிற்கும். அவை விடும் ஒளியும் அப்படியே குறுக்காக அதிரும். தொலைநோக்கி அந்த அதிர்வின் திசையைத்தான் கோடுகளாகத் தரும். அதனால் ஒவ்வொரு கோட்டையும் கால் சுற்று திருப்பினால்தான் புலத்தின் திசை கிடைக்கும். எங்களுக்கு வந்த கோப்பில் ஏற்கெனவே திருப்பியிருந்தார்கள். நான் அதைக் கவனிக்காமல் இன்னொரு முறை திருப்பிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

நான் எடுத்துக்கொண்ட திரளின் சுருள் கைகளை ஒட்டி ஓடவேண்டிய புலம், என் படத்தில் கைகளை வெட்டிக்கொண்டு ஓடியது. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொருவர் சரிபார்க்காமல் எந்தப் படத்தையும் வெளியே காட்டக்கூடாது என்பது எங்கள் கூடத்து வழக்கம். அச்செடுத்த தாளை அக்காவிடம் கொடுத்தேன். பொங்கலன்று சாலாக் செலாத்தானில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வந்தாள்.

"பார்த்தியாக்கா? சரியா இருக்கா?"

"சூப்பர் லா! அப்படியே போடு, ஒன்னும் மாத்தாத. சாப்பிடு, ஆறிடும்."

சாப்பிட்டேன். போதாதென்று இன்னொரு கரண்டி கேட்டும் வாங்கினேன்.

தைப்பூசம் முடிந்த வாரம் என் உரை. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. நாங்கள் இருவருமே விண்ணப்பித்திருந்தோம். ஆள் எடுப்பவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசி முடித்ததும் பின்னால் ஒரு கை உயர்ந்தது. அக்கா. கோப்பு ஏற்கெனவே திருப்பப்பட்டதா என்று பார்த்தீர்களா என்று ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். அந்த இடத்திலேயே கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஐயோ, அதை முன்வரிசைக்கு நானே வாசித்துக் காட்டினேன்.

வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "சாரி லா, அப்பதான் தோணுச்சு. கேக்காம இருக்க முடியல," என்றாள். நம்பினேன். இடம் அவளுக்குக் கிடைத்தபோதும் நம்பினேன். அவள் கிளம்பிய அன்று, பெட்டியைச் சென்ட்ரல் ரயில் நிலையம்வரை இழுத்துக்கொண்டு போய், விமான நிலைய ரயிலில் ஏற்றி, கையாட்டிவிட்டு வந்தவளும் நான்தான். என்னைப்போல் ஒரு மடச்சி உண்டா?

அறைக்குத் திரும்பி அவள் அலமாரியைத் துடைத்தபோதுதான், அடியில் விரித்திருந்த நாளிதழுக்குக் கீழே இந்தத் தாள் கிடைத்தது. மூலையில் அவள் கையெழுத்தில் தேதி: பொங்கலுக்கு முதல் நாள்.

இப்போது நான் இங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எப்போதாவது அந்தத் தாளை எடுத்துத் திரளின் படத்தின்மேல் வைத்துப் பார்ப்பேன். சிவப்புக் கோடுகள் சுருள் கைகளை ஒட்டி அழகாக ஓடும். தப்பு என்று தெரிந்துகொள்ள நாலைந்து கோடு போதும். அவள் எல்லாவற்றையும் போட்டிருக்கிறாள். ஒரு முழு நாள் ஆகியிருக்கும். என்னிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதாதா? ஒன்றுகூட விடவில்லை, ஒன்றுகூடக் கோணவில்லை. பாவி, என் வேலையை இவ்வளவு அக்கறையாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததே இல்லை.