கிணற்றுக்கட்டில் கிடந்த கல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சேர்ந்து இருந்தார்கள். மூத்தவர் அருளம்பலம். மனைவி செத்துப் பத்து வருஷம், பிள்ளைகள் இல்லை. குளித்ததும் வியர்வை நாற்றம் வராமலிருக்கக் கமக்கட்டில் படிகாரக் கல்லைத் தேய்ப்பார். பிறகு கல்லைத் துவாயால் ஒற்றி, நிழலில் உலர்த்தி, பிஸ்கட் பேணியில் இறுக மூடிவைப்பார். கடற்காற்றின் ஈரம் படாததால் ஒரே கல் நாலு வருஷமாக வந்தது.

அதே அறையில் இருந்த கதிரேசு தன் கல்லை நனைந்தபடியே கிணற்றுக்கட்டில் விட்டுவிடுவார்.

"ஏன் காணும், ஈரத்தில விட்டால் கரையாதோ?"

"கரைஞ்சா வேறை வாங்குவம் அண்ணை."

இந்தச் சண்டை தினமும் நடந்தது. வேறு எதைப் பற்றியும் அவர்கள் அதிகம் கதைத்ததில்லை.

நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் கொழும்பில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்ததும் மற்ற நால்வரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயிலேறினார்கள். அருளம்பலத்துக்கு ஊரில் யாரும் இல்லை; அவர் போகவில்லை. கதிரேசின் கல் கிணற்றுக்கட்டிலேயே கிடந்தது. அருளம்பலம் அதைத் துடைத்து உலர்த்தித் தன் பேணியில் வைத்தார். மூன்று கிழமையாகியும் அது கொஞ்சமும் தேயவில்லை. யாரும் திரும்பி வரவுமில்லை.

ஒருநாள் காலை அந்தக் கல்லை எடுத்துக் கிணற்றுக்கட்டில் தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்து வைத்துவிட்டுக் கந்தோர் வேலைக்குப் போனார். பின்னேரம் வந்து பார்த்தபோது அதன் முனைகள் கரைந்து மழுங்கியிருந்தன.

"ஏன் காணும்," என்று வெறும் வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார், "எத்தனை தரம் சொன்னனான்?"