சின்னம்மாவுக்கு நாங்கள் போட்ட புள்ளிகள்

என் சின்னம்மா ஆராய்ச்சி செய்யக் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்தவர் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். எதைப் பற்றிய ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். உப்பைப் பற்றியது என்று சொல்ல அம்மாவுக்குக் கூச்சம்.

அப்போது எனக்குப் பத்து வயது. நகரின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டின் பேஸ்மென்டில் சின்னம்மா தங்கியிருந்தார். விடிய முன்பே கிளம்பி, பஸ் மாறி மாறிப் பல்கலைக்கழகம் போவார். சூப்பில் உப்பை எவ்வளவு குறைத்தால் சாப்பிடுகிறவர் கண்டுபிடிப்பார் என்பதுதான் அவருடைய கேள்வி. நான்கு கிண்ணங்களில் ஒரே சூப், நான்கு அளவு உப்பு. ஒன்றில் அறவே இல்லை. வருகிறவர்கள் சுவைத்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி போட வேண்டும்.

வருகிறவர்கள்தான் இல்லை. சுவரில் ஒட்டிய அறிவித்தலை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ஆட்களை மறித்துப் பிரெஞ்சில் கேட்கச் சின்னம்மாவுக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் ஆய்வறை வேறொரு மாணவருக்குப் போய்விடும், தன் முறை இனிக் கோடையில்தான் என்று சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

“இதுக்கோ இப்பிடி முகத்தை வைச்சுக்கொண்டு இருக்கிறாய்?” என்றார் அப்பா. “எத்தினை பேர் வேணும் எண்டு சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

அப்பாவுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஒரு வான் வண்டியை இரவல் வாங்கி வந்து சொந்தக்காரர்களை ஏற்றினார். பெண்கள் பட்டுச்சேலைக்குக் கீழே பனிச்சப்பாத்து போட்டிருந்தார்கள். வழியெல்லாம் அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்.

“புள்ளியைப் பாத்துப் போடுங்கோ. பிள்ளையின்ரை படிப்பு இதிலைதான் கிடக்கு.”

ஆய்வறையில் ஆளுக்கொரு தடுப்பு. முன்னால் சிறிய யன்னல். அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டில் சின்னம்மா. அவருக்குப் பின்னால், கைகளைக் கட்டியபடி பேராசிரியர். ஒருவரோடு ஒருவர் கதைக்கக் கூடாது, மனதில் பட்டதை அப்படியே போடுங்கள் என்று சின்னம்மா சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் கிண்ணம் வந்தது. வெந்நீரில் ஒரு கரட் குளித்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

“தங்கச்சி, இதுக்கு உப்புப் போட்டதோ?” என்று பெரியம்மாவின் குரல் தடுப்பைத் தாண்டி வந்தது.

“கேளாதையுங்கோ அக்கா,” என்றார் அம்மா. “பாவம், பதட்டத்திலை மறந்திட்டாள்.”

“ஊறுகாய் இருக்கு. தரட்டோ?” பெரியம்மா விடவில்லை.

“சும்மா இருங்கோடி,” என்றார் பெரியப்பா. “நான் நாலுக்கும் பத்துப் போட்டு முடிச்சிட்டன்.”

நான் யோசித்து யோசித்து ஒன்று என்று எழுதினேன். தடுப்புக்கு மேலே அம்மாவின் தலை தெரிந்தது.

“எவ்வளவு போட்டனி?”

“ஒண்டு.”

“ஒண்டோ? சின்னம்மாவைப் பெயிலாக்கவோ உன்னை வானிலை ஏத்திக்கொண்டு வந்தது?”

கையை நீட்டி என் பேனாவை வாங்கி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு சுழியம் போட்டார். மிச்ச மூன்று கிண்ணங்களுக்கும் அவரே பத்துப் போட்டார். அவை எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

கடைசியில் சின்னம்மா எல்லாத் தாள்களையும் சேர்த்துப் புரட்டினார். முதலிலிருந்து இன்னொரு முறை புரட்டினார். பேராசிரியர் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிரெஞ்சில் ஏதோ சுருக்கமாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

“எப்பிடி?” என்றார் அப்பா.

சின்னம்மா எங்களைப் பார்த்தார். பெரியம்மா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். பெரியப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

“எல்லாரும் பத்துக்குப் பத்து, அத்தான்.”

அப்பா பேராசிரியரின் பின்னால் ஓடிப்போய்க் கைகொடுத்து, வணக்கமும் நன்றியுமாகத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் சொன்னார்: “பொஞ்சூர், மெர்சி.”

திரும்பி வரும்போது சின்னம்மா என் பக்கத்தில் இருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. கோட்டுக் கையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பார்த்தால் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

“சந்தோசத்திலை அழுகிறாள்,” என்றார் அம்மா. “விடுங்கோ, அழட்டும்.”

திங்கட்கிழமை ஆய்வறை வேறொரு மாணவருக்குப் போயிற்று. கோடையில் இன்னொருமுறை செய்ய வேண்டுமாம் என்று மட்டும் சின்னம்மா வீட்டில் சொன்னார். கோடை வந்ததும் அம்மா பட்டுச்சேலையை வெளியே எடுத்தார்.

“இந்த முறையும் வாறம்.”

“வேண்டாம் அக்கா. நீங்கள் போட்ட புள்ளியே எனக்குக் காணும்,” என்று சின்னம்மா அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பிறகு தனியாகப் போய் மெட்ரோ வாசலில் நின்று, முன்பின் தெரியாதவர்களைத் தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் மறித்தார். அவர்களில் சிலர் வந்தார்கள். உப்பில்லாத கிண்ணத்துக்கு ஒருவர் இரண்டு போட்டாராம், இன்னொருவர் சுழியமே போட்டாராம். அதை அவர் சாப்பாட்டு மேசையில் கண்கள் விரியச் சொன்னார். பத்துக்குப் பத்து வாங்கிய அன்று அழுதவர், இரண்டு வாங்கிய அன்று ஏன் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மாவுக்கும் விளங்கவில்லை. “இரக்கமில்லாத சனம்,” என்று சொல்லி, சின்னம்மாவின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.