அக்கா தைத்த தோல் பட்டைகள்

எங்கள் அக்கா மல்லேஸ்வரத்தில் பிறந்தார். சென்ற ஆண்டு அங்கேயே மறைந்தார். கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். பெற்றோர் போனபின் என்னை ஆளாக்கியவர். சித்தப்பாவின் மகளுக்குப் பள்ளி இறுதிவரை மாலைதோறும் எங்கள் கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே.

நுரையீரல் கெட்டபின், ஆக்சிஜன் மெஷினை முதுகுப்பையில் சுமந்தால்தான் வெளியே போகலாம் என்றாகிவிட்டது. பையின் நைலான் பட்டை மெலிந்த தோளை அறுத்துப் புண்ணாக்கியது. சித்தப்பா மகளின் கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "பட்டையை நானே தைச்சுக்கறேன்டா" என்று என்னை அழைத்துக்கொண்டு சிவாஜிநகர் தோல் கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஆட்டுத் தோலைக் காட்டினார். அக்கா இரு முனையையும் பிடித்து இழுத்தார், நீண்டது.

"சாஃப்ட்டா இருக்கே, மேடம்?"

"இருக்கு பாய். ஆனா போகப்போக இழுத்துண்டு தொங்கும். மெஷின் விழுந்தா நானும் விழுவேன்."

அடுத்த தோலை மடித்ததும் மேல்பூச்சு வெடித்தது. கடைசியில் மரப்பட்டையில் பதனிட்ட, இழுத்தாலும் நீளாத எருமைத் தோலைத் தேர்ந்தெடுத்தார். தோளில் படும் அடிப்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய ஆட்டுத் தோல்.

பத்திரிகை கொடுக்க வந்த சித்தப்பா, அக்கா தைப்பதைப் பார்த்துவிட்டார். "பூஜை ரூம் இருக்கற ஆத்துல தோலாடி?" என்றவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அக்கா தைத்து முடித்தார்.

முகூர்த்த நாளில் பட்டுப்புடவையும் முதுகுப்பையுமாக மண்டபத்துக்கு வந்தார். சித்தப்பா வாசலிலேயே மறித்தார்.

"உள்ள ஹோமம் நடக்கறது. தோல் பையைக் கார்ல வெச்சுட்டு வா."

"கழட்டினா எனக்கு மூச்சு விட முடியாது, சித்தப்பா."

"அப்போ சாப்பாட்டை ஆத்துக்கு அனுப்பறேன்."

நான் சத்தம் போட்டேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். சந்தனத் தட்டோடு நின்ற உறவினர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். காரில் ஏறியதும், "பட்டை கொஞ்சங்கூட உறுத்தலைடா" என்றார்.

அதன்பின் மருத்துவமனைக்குத் தவிர அவர் எங்கும் போகவில்லை. மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார்.

கடைசி வாரங்களில் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாவுக்கும், தலைவாரிப் பின்னிவிட்ட நர்ஸுக்கும், விசாரிக்க வீடு தேடி வந்த தோல் கடை பாய்க்கும் என் நன்றி. காரியத்துக்கு வந்து "எவ்வளவு நல்லவள்" என்று அழுத உறவினர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று மண்டப வாசலில் உங்களில் ஒருவராவது அவரை "உள்ள வா" என்று கூப்பிட்டிருக்கலாம்.