செத்தவீட்டில் கம்பஸ் கதை

இன்று எங்கள் துறைமுகத் தெருவில் கமலாக்காவின் செத்தவீடு.

ஒரே மகன் இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சோதனை எழுதுவதால் வர முடியவில்லை. அவன் பார்ப்பதற்காகக் கமலாக்காவின் தம்பி, வீடியோ கோலில் போனைப் பிடித்தபடி முற்றத்துப் பந்தலில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். வாய்க்கரிசி போடத் தொடங்கியிருந்தார்கள்.

அருகில் நின்றவர் மெல்லக் கேட்டார். “மருமகன் எந்தக் கம்பஸ்?”

“உலகத்தில முதல் பத்துக்குள்ள நிக்கிற கம்பஸ்.”

“என்ட மகள் அமெரிக்காவில படிக்கிறது அதுக்கும் மேல. அங்க பாஸ் பண்ணுறது லேசில்ல.”

“இது அதைவிடக் கண்டிப்பு. தாய் செத்ததுக்கும் லீவு குடுக்கேல்ல, பாருங்கோவன்!”

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். கதை வேகத்தில் போன் பிடித்த கை எப்போதோ சரிந்துவிட்டிருந்தது.

போனிலிருந்து குரல் வந்தது. “எத்தினை தரம் கூப்பிட்டனான் மாமா. பந்தல்தான் தெரியுது. அம்மாட முகத்தைக் காட்டுங்கோ.”

அவர் பதறிப்போய்த் திருப்புவதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். மூடியதைத் திறக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

என் மகளும் வெளிநாட்டில்தான் படிக்கிறாள். கம்பஸ் கதை கதைக்காத ஆள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள். என் செத்தவீட்டில் போன் பிடிக்க ஒருவர் வேண்டும்.