பெல்ட்டைப் பிடித்த கை

நம்பாதவர்கள் தானா ராத்தா என்ற மலையூருக்குப் போய் ராய்ஸ்டனின் ஜாக்கெட்டைக் கேட்டுப் பாருங்கள். இன்னும் வைத்திருக்கிறான். கதை கட்டிச் சொல்ல எனக்கென்ன, வேறு வேலை இல்லையா?

கல்லூரியில் கடைசிப் படம். ஒரு பாட்டு, ஒரே ஷாட், நடுவில் வெட்டே கூடாது. மறுநாள் கொடுக்காவிட்டால் ராய்ஸ்டன் பாஸ் ஆக மாட்டான். இரண்டு நாளை மழை தின்றுவிட்டது. மிச்சம் அந்த ஒரு காலைதான்.

தேயிலைச் சரிவில் வகுப்புத்தோழி கரேன் பாட்டுக்கு வாயசைத்தபடி நடந்து வருவாள். அவள் முகத்தைப் பிடித்தபடி ராய்ஸ்டன் கேமராவோடு பின்னோக்கி நடப்பான். அவன் விழாமலிருக்க, பின்னால் நண்பன் விமலன் பெல்ட்டைப் பிடித்து வழிகாட்டுவான். முதுகில் ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு தட்டு என்றால் வலது.

"என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது லா," என்றான் ராய்ஸ்டன். "விழுந்தாலும் பாடிக்கிட்டே விழு."

"நீ விழாம இரு, போதும்," என்று சிரித்தாள் கரேன்.

ஏழு பத்துக்கு, ராய்ஸ்டனின் கழுத்தில் தொங்கிய ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. மூடுபனி நன்றாக இறங்கியிருந்தது. முதல் வளைவில் பெல்ட் ஒருமுறை தளர்ந்தது. உடனே இறுகியது. முன்னைவிடப் பலமான பிடி.

இரண்டு தட்டு.

ஒத்திகையில் அங்கே வலது பக்கம் திரும்பவே இல்லை. விமலன் ஏதோ நல்ல வழி கண்டிருப்பான் என்று ராய்ஸ்டன் திரும்பினான். ஜாக்கெட்டையும் தாண்டி அந்தக் கை ஜில்லென்றது...

கரேனின் கண்கள் கேமராவை விட்டு அவன் தோளுக்குப் பின்னால் போயின. அங்கேயே நின்றன. கண்ணீர் வழிந்தது. உதடு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. தலையை மெல்ல ஆட்டினாள்... வேண்டாம், வேண்டாம் என்று.

என்னமாய் நடிக்கிறாள் என்று பூரித்துப் போனான் அந்த மடையன். கேமராவை இன்னும் அவள் முகத்துக்கு அருகில் கொண்டுபோனான்.

மறுபடி இரண்டு தட்டு.

பாட்டு முடிந்தது.

மேலே, வெகு தூரத்தில், விமலனின் குரல். "டேய் ராய்ஸ்டன்... எங்கடா போனீங்க? மொத வளைவுலயே என் காலு பெரண்டுபோச்சி. கத்துனேனே, கேக்கலயா?"

பெல்ட்டில் கை இருந்தது.

இழுத்தது...

கரேன் பாய்ந்து அவன் ஜாக்கெட்டைப் பற்றி முன்னால் இழுத்தாள். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. அவன் குதிகால் இருந்த இடத்துக்குப் பின்னால் தரையுமில்லை.

"முன்னாலயே கத்தியிருக்கலாமே..."

"கத்துனா உன்னத் தள்ளிருவேன்னு அவ சைகை காட்டுனா," என்றாள் கரேன். "யாருன்னு மட்டும் கேக்காத."

படம் பாஸ். அந்தக் கண்ணீருக்கே தனி மதிப்பெண் கொடுத்தார் விரிவுரையாளர்.

ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தது ராய்ஸ்டனின் அம்மா சோஃபியா. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்.

"இது கொழுந்து கிள்ளுற கையோட கறைடா. சோப்புக்குப் போகாது. எந்த மலைக்குப் போனீங்க?"

சொன்னான். அம்மா சோப்பைக் கீழே வைத்தார்.

"அங்க கையால கொழுந்து எடுத்தவங்க எல்லாம் ஒரே மண்சரிவுல போயிட்டாங்கடா. அதுக்கப்புறம் மிஷின் மட்டுந்தான்."

பேசியபடியே ஜாக்கெட்டை விரித்தார்.

இடுப்பில் ஐந்து கறுத்த விரல்கள். அதோடு நிற்கவில்லை. முதுகு முழுக்கக் கைகள். பெரிதும் சிறிதுமாக, ஒன்றின் மேல் ஒன்றாக.

அன்று மலையில் ராய்ஸ்டன் உணர்ந்தது ஒரு கையைத்தான்.