எங்கள் சுவரில் இருந்த கொம்பு முயல்

மயிர் கருகினால் ஒரு நாற்றம் வருமே, அதோடு உப்புக் காற்றும் பழைய தோலும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ, அதுதான் என் நைனாவின், என் தகப்பனாரின் வாசனை. ராயபுரம் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கொம்புக் கிடங்கு அப்போது இருந்தது. நாங்கள் "கிட்டங்கி" என்போம். உள்நாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் எருமைக் கொம்பு, மாட்டுக் கொம்பு, காட்டில் மான் உதிர்த்த கிளைக் கொம்பு எல்லாவற்றையும் தரம் பிரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் எலும்பைத் தட்டி எடுத்து, கப்பலுக்குக் கட்டி அனுப்புவது நைனாவின் வேலை. சீமைக்குப் போய் அவை சீப்பாகவும் கத்திப் பிடியாகவும் மாறும் என்று சொல்வார்கள். சாயங்காலம் அவர் சந்து முனையில் திரும்பும்போதே வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும்.

அப்போது எனக்கு ஏழோ எட்டோ வயது. எனக்குப் பின் பிறந்த குழந்தைகள் இரண்டும் கண் திறந்து பார்த்ததோடு சரி. நைனா துணியில் சுற்றி மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்தார். நானும் இழுப்புக்காரன், மழைக்காலம் வந்தால் பிழைப்பேனா என்று பார்க்கிற பிள்ளை. அம்மா மறுபடியும் முழுகாமல் இருந்த அந்த வருஷம், நைனாவின் அக்கா, காசிமேட்டுக் கரையில் கருவாடு விற்ற என் அத்தை, தம்பிக்கு இரண்டாம் தாரமாகத் திருவொற்றியூரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டாள். "ஒத்தக் கண்ணு ஒரு கண்ணா, ஒத்தப் புள்ள ஒரு புள்ளயா?" என்பது அவள் வாயில் ஓயாத வார்த்தை. வயிற்றில் இருப்பதும் தங்காவிட்டால் தை மாதத்தில் கல்யாணம் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். ஒரு நாள் குழாயடியில், குடங்கள் வரிசையாக நிற்க, எல்லாப் பெண்களும் கேட்கச் சொன்னாள்:

"மொசலுக்குக் கொம்பு மொளைக்கட்டும், அப்பால இவ வவுத்துல ஒண்ணு தங்கும்!"

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று முழுவதும் அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்க்கும்படி அவள் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து நைனா ஒரு சுருட்டிய காகிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். கிட்டங்கியில் இருந்த துரை ஊருக்குப் போகிறாராம். அவருடைய அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த படம் அது. சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டதால் குப்பையில் போடச் சொன்னார்களாம். இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, அம்மா படுக்கிற பாய்க்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டினார். மருத்துவச்சி அவளை அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். "சும்மா சொவரப் பாத்துகினு கெடக்கறதுக்கு இதப் பாரு" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் மனதில் ஏதாவது இருந்ததா என்பது எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

அந்தப் படத்தை நான் எப்படிச் சொல்வேன்? உலகத்தில் கொம்பு என்று எதற்கெல்லாம் உண்டோ அத்தனையையும் ஒரு தாளில் கூட்டி நிறுத்தியிருந்தார்கள். தலையில் பட்டமரமே முளைத்ததுபோல ஒரு மான். முறுக்கிப் பிழிந்த துணிபோலக் கொம்புடைய இன்னொரு மான். முதுகு வரைக்கும் கொம்பு வளைந்த மலையாடு. மூக்கின்மேல் கொம்பு வைத்த மடிப்புத் தோல் மிருகம். நாங்கள் நூல் கட்டிப் பறக்கவிடும் பனைமரத்துக் கொம்பு வண்டு. மழைக்குப் பின் சுவரில் ஏறுமே, அந்த நத்தைகூட தன் இரண்டு மெல்லிய கொம்புகளையும் நீட்டிக்கொண்டு இருந்தது. அடியில் புல்லும் செடியும். செடிகளிலும் கொம்புள்ள காய்களாகப் பார்த்துப் பொறுக்கி வரைந்திருந்தார்கள். கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் தனித்தனிக் கோடாகத் தெரியும். நான் கிட்டங்கிக்குச் சோறு கொண்டுபோகும்போது மலைமலையாகக் குவிந்து கிடக்கும் கொம்புகளைப் பார்த்திருக்கிறேன். அவை எனக்கு விறகைப்போலத்தான் தெரிந்தன. இப்போது அவற்றுக்கெல்லாம் முகம் கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றும் கண்ணை விழித்து என்னைப் பார்த்தது.

நைனா ஒவ்வொரு கொம்பாக விரல் வைத்து, "இது நம்ம கிட்டங்கிக்கு வரும். இதுவும் வரும். இத நான் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே போனார். படத்தின் அடியில் இங்கிலீஷில் பொடி எழுத்தாக என்னவோ எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. வேறு யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், எனக்கு அந்நிய மனிதரிடம் வாய் திறக்க வராது.

ஒரு மத்தியானம் அம்மா என்னை மெதுவாகக் கூப்பிட்டாள்.

"இங்க வாடா. தலையில மரம் மொளைச்சா மேரி ஒரு மானு கீதே, அது காலாண்ட பாரு. இன்னா அது?"

"மொசலு."

"நல்லாப் பாரு. தலையில?"

பார்த்தேன். புல்லுக்குள் ஒரு முயல் குந்திக்கொண்டிருந்தது. நீளக் காது, பிளந்த உதடு, பயந்த கண், எல்லாம் முயல்தான். காதுகளுக்கு முன்னால் மட்டும், மான் கொம்பைச் சிறிசாக்கி நட்டதுபோல இரண்டு குட்டிக் கொம்புகள்.

"கொம்பும்மா!" என்றேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சுவர்ப் பக்கம் தவிர வேறு பக்கம் ஒருக்களித்துப் படுத்து நான் பார்த்ததில்லை.

சந்தில் செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் கூடையோடு அத்தையே வந்துவிட்டாள். கூடையை வாசலில் இறக்கினதும் இறக்காததுமாகச் சுவரண்டை போய் நின்றாள்.

"இன்னாடா தம்பி இது கலீஜு? மாசமா கீறவ கண்ணு முன்னால கொம்பு வெச்சதா ஒட்டி வெச்சிகிறே? எதப் பாக்கறாளோ அதும் மேரி பொறக்கும்டா! நாளைக்குக் கொம்போட ஒண்ணு வந்து வுழுந்தா யாரு தூக்கறது?"

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க சொன்னதுதானே அண்ணி? மொசலுக்குக் கொம்பு மொளைச்சுட்டுது. பாருங்க."

அத்தை குனிந்து பார்த்தாள். "வெள்ளக்காரன் பொழுது போவாம கிறுக்கினதுடி! நீ சொல்லுடா, கொம்புலயே பொறண்டுகினு கீறவன். மொசக் கொம்பு எப்பனா மூட்டையில வந்துச்சா?"

நைனா அவசரப்படவில்லை. "வர்ல" என்றார்.

"கேட்டுக்கினியா?"

"வர்லன்னா இல்லன்னு ஆயிடுமாக்கா? கடல்ல கீற மீனெல்லாம் உன் கூடைக்கா வருது?"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அத்தைக்கு முகம் கறுத்தது. "எல்லாம் பொய்யி! கொம்பு வெச்ச காயாமே, காயி! எந்தச் செடியிலடா காயிக்குக் கொம்பு மொளைக்குது?" என்று படத்தின் ஓரத்தைக் கிழிப்பதற்கு நகத்தைக் கொடுத்துவிட்டாள்.

நான் கூட்டத்தில் பேசுகிற பிள்ளையில்லை. என் தகர டப்பாவிலிருந்து ஒரு "புலிநக"த்தை எடுத்துக்கொண்டு போய், அத்தையின் கைக்குப் பக்கத்தில், படத்திலிருந்த காயின்மேல் வைத்தேன். காய்ந்த கறுப்புக் காய். நுனியில் இரண்டு வளைந்த கொம்புகள், துணியில் பட்டால் விடாது. வரைந்த காயும் வைத்த காயும் ஒன்றாகவே இருந்தன. வளைவு, வரி, கூர் எல்லாம் அப்படியே. சீமையில் எவனோ உட்கார்ந்து எங்கள் ஊர்க் குப்பைமேட்டுக் காயைக் கோடு மாறாமல் வரைந்திருக்கிறான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அத்தையின் நகம் அங்கேயே நின்றது. "இது எங்க கெடச்சுது உனக்கு?"

நான் நைனாவைப் பார்த்தேன். நைனாதான் சொன்னார். "மூலக்கொத்தளத்துல. அதுங்க ரெண்டும் கீற எடத்தாண்ட மொளைச்சுக் கெடக்குது. பாலு ஊத்தப் போனப்ப எடுத்துகினு வந்தான்."

அத்தை கையை எடுத்தாள். காயை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டும்போது திரும்பாமலே சொன்னாள்: "கொம்போட பொறந்தா என்னக் கூப்புடாதீங்க."

ஐப்பசி அடைமழையில் என் தங்கை பிறந்தாள். முந்தின இரண்டும் போன நாட்கள் வந்தன, தாண்டின. அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். கூப்பிடாமலே அத்தை வந்தாள். தாய்ப்பால் ஊறப் புட்டு செய்து போடுவதற்குப் பால்சுறா கொண்டு வந்திருந்தாள். குழந்தையை மடியில் வாங்கி, மீன் நாற்றம் போகாத விரல்களால் அதன் தலையை இரண்டு பக்கமும் தடவித் தடவிப் பார்த்தாள்; ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாமே, கொம்பையே காணோம்?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். திருவொற்றியூர்ப் பெண்ணைப் பற்றி அப்புறம் எங்கள் வீட்டில் பேச்சு எழுந்ததில்லை. தங்கைக்குக் குலதெய்வத்தின் பெயரைத்தான் வைத்தோம். ஆனால் அம்மா சாகிற வரைக்கும் அவளை "மொசலு" என்றுதான் கூப்பிட்டாள்.

ஒட்டிய படத்தை உரிக்க முடியாது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு மிருகமாகப் பூஞ்சணம் தின்றது. முதலில் மலையாடு போனது, பிறகு மூக்குக் கொம்பன். ஒரு புயல் மழையில் சுவரே விழுந்தபோது மண்ணைக் கிளறிப் பார்த்தேன். வண்டின் ஒரு கால் கிடைத்தது. கிட்டங்கி இருந்த இடத்தில் இன்று இரும்புத் தகடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். கொம்புச் சீப்பு யாரிடமும் இல்லை, எல்லாம் பிளாஸ்டிக். காற்றில் அந்த வாசனை வராதா என்று சில சமயம் அந்தப் பக்கம் போய் நிற்கிறேன். வருவதில்லை. புலிநகம் மட்டும் மூலக்கொத்தளத்தில் இன்னும் காய்க்கிறது.

போன வாரம் தங்கை வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. அவள் மகன் ஹைஸ்கூலில் படிக்கிறான், கெட்டிக்காரன். முயலுக்குக் கொம்பே கிடையாது என்றும், அந்தக் காலத்தில் படம் எழுதியவர்கள் கேள்விப்பட்டதையும் சேர்த்து எழுதிவிடுவார்கள் என்று வாத்தியார் சொன்னார் என்றும் சொன்னான். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தங்கை அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். "கெடயாதாமா? சரி, இருந்துட்டுப் போவட்டும். அந்தக் கெடயாத மொசலோட வவுத்துல பொறந்தவன்தான்டா நீ. சோத்தத் துன்னு" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே தின்றான்.